ஆன்ட்டி, பின்கால்!

கராத்தே வகுப்பின் முதல் நாள் எனக்குப் பெல்ட் கட்டிவிட்டது பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி. வீட்டில் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் மல்லுக்கட்டி ஏதோ ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். "ஆன்ட்டி, பார்சல் கட்டின மாதிரி இருக்கு" என்றாள். என் முன்னால் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தாள். பெல்ட்டின் நடுப்பகுதியைத் தொப்புளுக்குக் கீழே வைத்து, இரண்டு முனைகளையும் முதுகைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து, ஒன்றை இரண்டு சுற்றுக்கும் அடியில் நுழைத்து மேலே இழுத்து, அப்புறம்தான் முடிச்சு. கடைசியில் இரு முனைகளையும் நீட்டிப் பிடித்து நீளம் பார்த்தாள். ஒரு பக்கம் விரல் அகலம் கூடுதல். அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கட்டினாள்.

எனக்கு அப்போது 39 வயது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதுதான் காரணம். தற்காப்பு, தன்னம்பிக்கை என்றெல்லாம் பெரிதாக எதுவும் மனதில் இல்லை. ஏன் கராத்தே, நடைப்பயிற்சி போதாதா என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் கிடையாது.

கராத்தே வகுப்பில் வரிசை வயதைப் பார்ப்பதில்லை, பெல்ட்டைப் பார்க்கிறது. வெள்ளை பெல்ட் கடைசி. அதனால் என் இடம் வரிசையின் கோடியில், முன்பல் விழுந்த ஏழு வயதுப் பையன் ஒருவனுக்குப் பக்கத்தில். அவன் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் என்னைவிட நன்றாகச் செய்தான். இது முதல் மாதத்தில் எனக்கு வேடிக்கையாக இருந்தது, இரண்டாவது மாதத்தில் எரிச்சலாக இருந்தது, அதற்கப்புறம் பழகிவிட்டது.

பழகாத விஷயம் வேறு. பெரியவர்களுக்கு எதுவும் சொன்னவுடனே புரிந்துவிடுகிறது. எனக்கும் புரிந்தது. ஜென்குட்சு தாச்சி என்ற நிலை இருக்கிறது. முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு நிற்க வேண்டும். முன்முழங்கால் பாதத்துக்கு நேர் மேலே வர வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. இரண்டு பாதங்களுக்கும் இடையே தோள் அகலம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கயிற்றின் மேல் நடப்பதுபோல ஆட்டம் காணும். பின்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. இவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது, வீட்டுக்குப் போய் இன்னொருவருக்கு விளக்கும் அளவுக்கு விளங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறை அடி எடுத்து வைக்கும்போதும் என் பின்குதிகால் எழும்பியது. எழும்புவது எனக்குத் தெரியவே தெரியாது. தெரியவைப்பவள் அந்தப் பெண். ஊதா பெல்ட் என்பதால் எங்கள் வரிசையைத் திருத்தும் பொறுப்பு அவளுடையது. வகுப்பின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கும்படி "ஆன்ட்டி, பின்கால்!" என்பாள்.

பக்கத்து ஏழு வயதுக்காரனுக்கு இந்த நிலை விளங்கியிருக்க வாய்ப்பே இல்லை. கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அவன் குதிகால் தரையில் ஒட்டியிருந்தது.

ஐந்து வருடத்தில் நான் பட்ட கஷ்டங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடைவெளியிலிருந்து வந்தவைதான். தலைக்குப் புரிந்துவிட்டது என்பதாலேயே உடம்புக்கும் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறோம். சிறுவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாங்கள் படித்தவர்கள், விஷயத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறவர்கள், அதனாலேயே மாட்டிக்கொள்கிறவர்கள்.

குதிகால் பிரச்சினைக்குக் காரணம் மனம் இல்லை, கணுக்கால். வருடக்கணக்காக நாற்காலியில் உட்கார்ந்தே இருந்ததில் கெண்டைக்கால் தசை இறுகிப்போய், பாதம் மேல்நோக்கி மடங்க மறுத்தது. இது தெரிய எனக்கு நான்கு மாதம் ஆனது. அதுவரை கவனம் போதவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். சுவரில் கை வைத்து, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் குதிகாலை அழுத்தி அரை நிமிடம் நிற்பது, அப்புறம் கால் மாற்றுவது. தினமும் இரண்டு வேளை இதைச் செய்தேன். மூன்று மாதத்தில் குதிகால் தானாக இறங்கியது. உங்கள் மாஸ்டர் ஒரே தவறைப் பத்து முறை சொல்லியும் திருந்தவில்லை என்றால், அது சோம்பலா, மறதியா, இல்லை அந்த மூட்டு அந்த அளவுக்கு மடங்கவே இல்லையா என்று முதலில் பாருங்கள். மடங்காத மூட்டிடம் கோபித்துப் பயனில்லை.

எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரும் கட்டா ஒன்று இருக்கிறது. கட்டா என்றால் கற்பனை எதிராளிகளோடு சண்டையிடுவதுபோல வரிசை மாறாமல் செய்யும் அசைவுகளின் தொகுப்பு. நான் பயிலும் ஷோட்டோகான் பிரிவில் முதல் கட்டாவின் பெயர் ஹெய்யான் ஷோடான். 21 அசைவுகள், இரண்டு இடத்தில் கியாய் என்ற கத்தல், நிதானமாகச் செய்தாலும் ஒரு நிமிடம் ஆகாது. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் இத்தோசு ஆங்கோ என்ற ஆசான் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார். பழைய கட்டாக்கள் பிள்ளைகளுக்குக் கடினம் என்பதால் பினான் என்று ஐந்து கட்டாக்களை அமைத்தார். அவற்றுக்குப் பிற்பாடு ஹெய்யான் என்று பெயர் மாற்றியவர் ஷோட்டோகானைத் தொடங்கிய ஃபுனாகோஷி கிச்சின். ஆக, பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுலபமாக்கப்பட்ட பாடத்தில்தான் நான் முழங்காலை உடைத்துக்கொண்டேன்.

உடையவில்லை, சும்மா சொல்கிறேன். ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அந்தக் கட்டாவில் ஒரு இடம் வரும். நேராக முன்னேறி, மூன்று முறை தலைக்கு மேல் தடுத்து, மூன்றாவதில் கியாய் கொடுத்து நிற்போம். வலது கால் முன்னால் இருக்கும். அடுத்த அசைவுக்கு இடது கால் முதுகுக்குப் பின்னால் சுற்றிவர வேண்டும். முக்கால் வட்டம், அதாவது 270 பாகை. உடம்பின் எடை முழுக்க வலது காலில். அந்த ஒற்றைக்காலில் பாதமும் முழங்காலும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பினால் பிரச்சினை இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், இடுப்பை வேகமாக வீசினேன். இடுப்பிலிருந்துதான் பலம் வருகிறது என்று அதற்கு முந்தைய வாரம்தான் "புரிந்திருந்தது". முந்தின இரவு கைப்பேசியில் வீராங்கனைகளின் வீடியோக்களை ஒரு மணி நேரம் பார்த்திருந்தேன். அவர்கள் பம்பரம்போலத் திரும்புகிறார்கள். நானும் திரும்பினேன். வெறுங்கால் வியர்வையில் விரிப்போடு ஒட்டிக்கொண்டது. இடுப்பு போய்விட்டது, பாதம் வரவில்லை. நடுவில் முழங்கால்.

சத்தமெல்லாம் வரவில்லை. உள்பக்கமாகச் சூடாக ஏதோ இழுத்ததுபோல இருந்தது. வெட்கத்தில் ஒன்றும் சொல்லாமல் மீதி வகுப்பையும் முடித்தேன். அதுதான் பெரிய முட்டாள்தனம். மறுநாள் காலை மாடிப்படி இறங்க முடியவில்லை. லிகமெண்ட் இழுத்துக்கொண்டிருக்கிறது, கிழியவில்லை, ஆறு வாரம் திருப்பல், உதை எதுவும் கூடாது என்றார் டாக்டர். பிசியோதெரபிஸ்ட் இன்னொன்றைக் கவனித்தார். ஒரு படியிலிருந்து மெதுவாக இறங்கச் சொன்னபோது என் முழங்கால் ஒவ்வொரு முறையும் உள்பக்கம் சாய்ந்தது. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் பலவீனமாக இருந்தால் அப்படித்தான் சாயுமாம். முழங்கால் மாட்டிக்கொண்ட அப்பாவி, குற்றவாளி இடுப்பு.

அப்போது கற்றதை இன்றும் விடாமல் செய்கிறேன். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கி இறக்குவது, சுவரோரம் ஒற்றைக்காலில் நிற்பது, படியிலிருந்து மெதுவாக இறங்குவது. கட்டாவில் திரும்பும் இடங்களை மட்டும் தனியாக எடுத்து, கை அசைவே இல்லாமல், எடையைக் கொஞ்சம் தளர்த்தி, பாதம் முதலில் திரும்புகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பத்து முறை. பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும். நாற்பதுக்கு மேல் கராத்தே கற்கும் யாருக்காவது ஒரே ஒரு வார்த்தை சொல்ல விட்டால் நான் உதையைப் பற்றியோ குத்தைப் பற்றியோ பேசமாட்டேன். பாதம் திரும்பாமல் இடுப்பைத் திருப்பாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அப்புறம், வலித்தால் உடனே கையைத் தூக்குங்கள். யாரும் கேலி செய்யமாட்டார்கள்.

அந்த ஆறு வாரமும் வகுப்புக்குப் போனேன். இது மாஸ்டர் சொன்ன யோசனை. "வாங்க, சுவரோரமா உட்காருங்க, பாருங்க" என்றார். முதல் வாரம் அவமானமாக இருந்தது. பிறகுதான் பார்க்கக் கற்றேன். செய்யும்போது நம் உடம்பைத் தவிர எதுவும் தெரிவதில்லை. உட்கார்ந்து பார்த்தால், குத்தும் கையைவிடப் பின்னால் இழுக்கும் கைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது என்பது தெரிகிறது. அதை ஹிக்கிதே என்பார்கள். ஒரு கை முன்னால் போகும் அதே நேரத்தில் மறுகை இடுப்புக்கு வந்து சேர வேண்டும். வெள்ளை பெல்ட்களின் இழுக்கும் கை வயிற்றுப் பக்கத்தில் எங்கோ தொங்கிக்கொண்டிருக்கும். கறுப்பு பெல்ட்களிடம் அது குத்துகிற கையோடு ஒரே நொடியில் நிற்கும். ஆறு வாரம் கழித்து எழுந்து நின்றபோது என் ஹிக்கிதே சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. ஆனால் எது சரியில்லை என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது.

கியாய் பற்றியும் சொல்ல வேண்டும். அசைவின் உச்சத்தில் எழுப்பும் அந்தக் கத்தல். எனக்குச் சத்தமே வரவில்லை. அலுவலகத்தில் வேறு பகுதியில் இருப்பவரைக்கூடக் கூப்பிடாமல், எழுந்து அருகில் போய்ப் பேசுகிற ஆள் நான். முதல் பல வாரங்கள் இருமலுக்கும் விக்கலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. சுற்றிலும் பிள்ளைகள் கூரை பறக்கக் கத்துவார்கள், நான் உதட்டை மட்டும் அசைப்பேன். மாஸ்டர் ஒருநாள் என் கையை என் அடிவயிற்றில் வைக்கச் சொல்லி, "கத்தாதீங்க, மூச்சை மட்டும் வெளியே தள்ளுங்க, வயிறு இறுகணும்" என்றார். தள்ளினேன். மூச்சோடு ஒட்டிக்கொண்டு சத்தமும் வெளியே வந்து விழுந்தது. தொண்டையால் கத்தினால் மறுநாள் குரல் கட்டும், வயிற்றால் தள்ளினால் கட்டாது. வீட்டில் பயிற்சி செய்ய விரும்புகிறவர்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்ட பிறகு நான் கண்டுபிடித்த வழி அது.

வீட்டுப் பயிற்சி என்று ஆரம்பத்தில் தினமும் ஒரு மணி நேரத்துக்குத் திட்டம் போட்டு எழுதி ஒட்டினேன். நான்கு நாள் ஓடியது. இப்போது பத்து நிமிடம், அதுவும் எல்லா நாளும் இல்லை. பல் தேய்க்கும்போது கிபா தாச்சியில் நிற்பேன், குதிரை மேல் உட்கார்ந்ததுபோல இரு கால்களையும் அகட்டி முழங்கால் மடக்கி நிற்கும் நிலை அது. படுக்கையறைக்குப் போகும் நடையில் ஐந்து அடி முன்னால், ஐந்து அடி பின்னால். மேசை டிராயரைக் கையால் மூடாமல் இடுப்பால் மூடிய ஒரு காலமும் இருந்தது, வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டதற்குக் கணக்கில்லை. வீட்டில் உதையைப் பயில்வதாக இருந்தால் முதலில் சாமான்களைத் தள்ளிவையுங்கள்.

ஒரே பத்து நிமிடத்தில் ஐந்து விஷயம் செய்வதைவிட ஒன்றைச் செய்வது மேல். ஒரு மாதம் முழுக்க மாயே கெரி மட்டும் செய்தேன். நேராக முன்னால் உதைப்பது. அதையும் முழுதாக இல்லை, முழங்காலை மார்பு நோக்கித் தூக்குவது மட்டும். கால்விரல்களைப் பின்னால் மடக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உதைபடுபவருக்கு அல்ல, நமக்குத்தான் விரல் போகும். தூக்கி, நிறுத்தி, இறக்கு. மாத முடிவில் உதைத்தபோது உயரம் கூடவில்லை, ஆனால் தடுமாற்றம் நின்றிருந்தது. உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளின் கால் தலைக்கு மேல் போகும். நம்முடையது போகாது. இடுப்பெலும்பு பொருந்தியிருக்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறு, எவ்வளவு நீட்டினாலும் சிலருக்கு ஓர் எல்லைக்கு மேல் திறக்காது. வயிற்றுக்கு நேராக ஒழுங்காக உதைத்தால் போதும் என்று மாஸ்டர் சொன்னபோது அரைமனதாகத்தான் கேட்டுக்கொண்டேன். தலைக்கு உதைக்க ஆசைப்பட்டு தொடையின் பின்தசையை இழுத்துக்கொண்ட பிறகு முழுமனதாக ஏற்றுக்கொண்டேன். உடம்பு சூடாவதற்கு முன்னால் உதைத்தேன் என்பது உபரித் தகவல். வகுப்புக்கு முன்னால் காலை வீசுவது, குதிப்பது, மூட்டுகளைச் சுழற்றுவது. அசையாமல் நீட்டிப் பிடிப்பதெல்லாம் வகுப்பு முடிந்த பிறகு.

குமித்தே என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இரண்டு வருடம் வயிற்றைக் கலக்கியது. இருவர் எதிரெதிரே நின்று பொருதுவது. தொடக்கத்தில் சுதந்திரமாகச் சண்டை போட விடமாட்டார்கள். ஒருவர் எங்கே அடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஐந்து அடி முன்னேறி ஐந்து முறை குத்துவார், மற்றவர் பின்வாங்கியபடியே தடுத்து, ஐந்தாவதில் திருப்பி அடிப்பார். எங்கே வரும், எப்போது வரும், எத்தனை வரும் எல்லாம் முன்பே தெரியும். அப்படியும் பயம். எனக்கு ஜோடியாக வாய்த்தவன் ஆறடி உயரக் கல்லூரி மாணவன், மிகவும் மரியாதையானவன். ஒவ்வொரு முறையும் "அடிக்கட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பான். அவன் தோள் அசைந்ததுமே நான் இரண்டு அடி பின்னால் போயிருப்பேன். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவன் அடிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டீங்க."

அதைவிட மோசம், கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரியாமலேயே. தடுப்பது எப்படி என்று முழுதாகத் தெரியும், ஆனால் தடுக்க வேண்டிய நொடியில் கண் மூடியிருந்தால் தெரிந்து என்ன? மாஸ்டர் கொடுத்த மருந்து எளிமையானது. வகுப்பு முடிந்ததும் அந்தப் பையன் என் முகத்துக்கு நேராக மெதுவாக இருபது குத்து விடுவான், மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்துவான். நான் எதுவும் செய்யக் கூடாது. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் இருபதில் இருபதுக்கும் மூடினேன். அப்புறம் எண்ணிக்கை குறைந்தது. குத்தின் வேகம் கூடியது, தூரம் நான்கு விரலாகக் குறைந்தது. மூன்று மாதம் ஆயிற்று. ஒருநாள் அவன் கணக்குத் தப்பி முஷ்டி மூக்கைத் தொட்டுவிட்டது. லேசாகத்தான். நான் கண் சிமிட்டவில்லை. அவன்தான் பதறிப்போய் ஐந்து முறை மன்னிப்புக் கேட்டான். எனக்கு வலித்தது, உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

ஜோடிப் பயிற்சிக்கு முன்னால் கை, கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், கம்மல் எதுவும் வேண்டாம். பல்லுக்கான காப்பு, கையுறை இரண்டும் சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது, மற்றவர் வியர்வையில் கை விடுவதைப்போல அருவருப்பான விஷயம் வேறில்லை. கராத்தே உடை பருத்தி என்பதால் முதல் சலவையில் சுருங்கும், அதற்குத் தகுந்த அளவில் வாங்குங்கள். தடித்த துணி அழகாகச் சத்தமெழுப்பும், ஆனால் புதியவர்களுக்கு வெறும் பாரம். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து உதறிப் போடுங்கள். ஒரு வாரக் கடைசியில் அதைப் பைக்குள்ளேயே மறந்து, திங்களன்று திறந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

வருடம் இரண்டு முறை பெல்ட் தேர்வு. ஃபுனாகோஷி 1922-ல் ஒக்கினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைக் காட்டப் போனபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார் என்று யாரோ எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அவர் சிறுவயதிலிருந்தே பயின்றவர் என்பதைச் சொன்னவர் கவனிக்கவில்லை. வண்ண பெல்ட், டான் எனப்படும் கறுப்பு பெல்ட் நிலைகள் என்ற தரவரிசை முறையெல்லாம் ஜூடோவிலிருந்து கராத்தேக்கு வந்தவை. வண்ணங்களின் வரிசை ஒவ்வொரு அமைப்பிலும் கொஞ்சம் மாறும். எங்களுடையதில் பச்சை பெல்ட் தேர்வில் நான் தோற்றேன்.

அன்று ஒரு அசைவைக்கூட மறக்கவில்லை. தலைக்குள் எல்லாம் வரிசையாக இருந்தது. முடித்துவிட்டு வணங்கி நின்றபோது நன்றாகவே செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். மதிப்பெண் தாளில் குறிப்பு எழுதும் இடத்தில் ஒரே சொல்: அவசரம். வீட்டுக்கு வந்து அழுதேன். 41 வயதில் பரீட்சையில் தோற்று அழுவதை யாரிடம் சொல்வது?

அடுத்த வகுப்பில் மாஸ்டரிடம் தாளைக் காட்டினேன். அவர் எதுவும் விளக்கவில்லை. கட்டாவைச் செய்யச் சொல்லி, ஒவ்வொரு அசைவிலும் "நில்லுங்க" என்றார். நின்றேன். அவர் அடுத்த எண்ணைச் சொல்லவே இல்லை. மூன்று நொடி, ஐந்து நொடி. அந்த ஐந்து நொடியில்தான் பார்த்தேன், என் எடை ஏற்கெனவே அடுத்த அசைவின் பக்கம் சாய்ந்திருந்தது. கை இன்னும் தடுத்து முடிக்கவில்லை, தோள் அடுத்த குத்துக்குக் கிளம்பிவிட்டது. பின்குதிகால், ஆமாம், எழும்பியிருந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்ததுதான் வினை. எதிரே ஆள் இருந்திருந்தால் அவன் என் பாதித் தடுப்பைத் தாண்டி முகத்தில் குத்தியிருப்பான், நான் அதற்குள் அவனுடைய தம்பியோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

அதற்கப்புறம் ஆறு மாதம் ஹெய்யான் கட்டாக்களை அசைவுக்கு ஒரு முழு மூச்சு என்று செய்தேன். உள்ளே இழுத்து, அசைந்து, வெளியே விட்டு, குதிகாலைப் பார்த்து, அப்புறம் அடுத்தது. வேகமே இல்லை. பார்ப்பவர்களுக்குத் தூக்கம் வரும். அடுத்த தேர்வில் தேறினேன், பெரிய பாராட்டெல்லாம் இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷோடான் என்றால் தொடக்கப் படி. முதல் கட்டாவின் பெயரிலும் அதே சொல்தான், கறுப்பு பெல்ட்டின் முதல் நிலைக்கும் அதே சொல்தான். நான் இப்போது இரண்டுக்கும் நடுவில் பழுப்பு பெல்ட்டோடு நிற்கிறேன். 44 வயது.

சேரலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வது இதுதான். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். நன்றாகச் செய்பவர்களைப் பார்க்காதீர்கள், இருப்பதிலேயே தடுமாறும் ஆளை மாஸ்டர் எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். அந்த ஆள் நீங்கள்தான். பழைய அடி, வலி, ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று அவர் கேட்கிறாரா, கேட்காவிட்டால் நீங்கள் சொல்லும்போது காது கொடுக்கிறாரா என்று பாருங்கள். வாரம் இரண்டு நாள் போதும். மூன்றாவது நாளுக்கு நான் பலமுறை முயன்றேன், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மூட்டு எதிர்ப்புத் தெரிவித்தது. இருபது வயதில் ஒரே இரவில் சரியாகும் தசைவலிக்கு இப்போது இரண்டு இரவு வேண்டும், அதைக் கணக்கில் சேர்த்துத்தான் வாரத்தைத் திட்டமிட வேண்டும்.

போன மாதம் மாஸ்டர் திடீரென்று என்னை முன்னால் அழைத்து வகுப்புக்கு எண்ணச் சொன்னார். ஜப்பானிய மொழியில் ஒன்றிலிருந்து பத்து வரை. இச்சி, நி, சான், ஷி, கோ, ரோக்கு என்று தடையில்லாமல் வந்தேன். ஐந்து வருடமாகக் கேட்டுக் கேட்டுக் குத்திய எண்கள். ஏழு வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். எதிரே முப்பது பேர் கிபா தாச்சியில் முழங்கால் மடக்கி, அடுத்த எண்ணுக்காகத் தொடை நடுங்கக் காத்திருந்தார்கள். ஏழு வயதில் என் பக்கத்தில் நின்றவனுக்கு இப்போது பன்னிரண்டு, பல்லெல்லாம் முளைத்துவிட்டது, அவன் வெளிப்படையாகச் சிரித்தான். அந்தப் பெண் முதல் வரிசையில் கறுப்பு பெல்ட்டோடு இருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து "ஷிச்சி" என்றாள். நான் அதை "ஷி" என்று கேட்டுக்கொண்டு, நான்கிலிருந்து மறுபடி எண்ணினேன். அன்றைக்கு எல்லோரும் பத்துக்குப் பதிலாகப் பதின்மூன்று குத்துவிட்டார்கள்.